பேய்மழை சொல்லிக்கொண்டு வருவதில்லையா?

"பெருமழையை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது இயற்கையின் சீற்றம், வந்தபின் அனுபவிப்பதைத் தவிர மனிதனுக்கு வேறு கதியில்லை" என்னும் அபிப்பிராயம் நம் பினாங்குத் தீவில் படித்தவர், படியாதவர், பதவியில் இருப்பவர், பதவிக்குக் காத்திருப்பவர் ஆகிய நால்வகையினரிடத்தும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்நால்வரும் இதில் மட்டும் ஒத்துப்போவதே அதைச் சோதித்துப் பார்ப்பதற்குப் போதுமான காரணமாகும்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கிய மழை, இரவெல்லாம் காற்றோடு சேர்ந்து பெய்து, 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டரைத் தாண்டி, ஏழு உயிர்களைப் பலிகொண்டு, ஆயிரக்கணக்கானோரை நிவாரண மையங்களில் கொண்டு சேர்த்தது. அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் விடியுமுன்னே துணைப் பிரதமரை எழுப்பி இராணுவ உதவி கேட்க நேர்ந்தது. வெள்ளம் வடிந்ததும் நம்மிடையே எஞ்சிய தீர்ப்பு, "யார் கண்டார்கள்?" என்பதே. அதன் பிறகு வந்த ஒவ்வொரு பெருமழைக்கும் அதே தீர்ப்பு மறுபடி வாசிக்கப்படுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதற்குரிய பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில், குளிர்நாடுகளிற்போல் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் மோதும் எல்லைகள் வரிசையாக நகர்ந்து வருவதில்லை. காலையில் வெயில், மாலையில் இடிமழை என்னும் நம் வாழ்க்கையில், ஒரு தெருவில் கொட்டும் மழை அடுத்த தெருவை நனைக்காமல் போவது தினசரி அனுபவம். எல் நினோ, லா நினா என்னும் கடல் நிலைகள் ஒரு பருவத்தின் பொதுப்போக்கைச் சொல்லலாமேயன்றி இன்ன நாளில் இன்ன ஊரில் வெள்ளம் வருமென்று சொல்லா. வளிமண்டலத்தின் இயல்பே குழப்பமானது என்பதைக் கணிதமே நிரூபித்துவிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ்வதற்கு முன்னனுபவம் ஏது? போதாக்குறைக்குப் பூமி வெப்பமடைந்து பழைய கணக்குகளெல்லாம் பொய்த்துவிட்டன. பொய்த்த எச்சரிக்கைகளால் ஜனங்களின் நம்பிக்கையும் தேய்ந்துவிட்டது. உண்மையான குற்றவாளிகள் வெட்டப்பட்ட மலைகளும் அடைபட்ட வடிகால்களுமேயன்றி வானம் அன்று. இவற்றில் ஒன்றேனும் முழுப்பொய் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, முதலிலிருந்து கடைசிவரை, தவறானது. தவறுகளை எண்ணிக் காட்டுகிறேன்.

1. மாலை இடிமழையும் பேய்மழையும் ஒரே ஜாதி என்று யார் சொன்னது? முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. நம் தலைக்கு மேலே, தரையிலிருந்து வானத்தின் உச்சிவரை நிற்கும் ஈரக்காற்றிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்தெடுத்தாலும் கிடைக்கக்கூடிய நீர், வெப்ப நாடுகளில் சாதாரணமாக 50 முதல் 60 மில்லிமீட்டர் அளவே. அப்படியிருக்க, ஒரே இடத்தில் 300 மில்லிமீட்டர் பொழிகிறதென்றால், அங்குள்ள காற்று தன் ஈரத்தை ஐந்து தடவை முற்றிலும் இழந்து ஐந்து தடவை புதிதாக நிரப்பப்பட்டிருக்க வேண்டும்; அந்த ஈரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்புள்ள கடலின் மேலிருந்து, மணிக்கணக்காக ஓயாத காற்றினால், ஒரே திசை நோக்கிக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கைப் போல, பேய்மழையும் வேற்றிடத்தில் ஏற்றப்பட்டு வழியெல்லாம் கண்ணுக்குப் புலப்பட்டே வருகிறது.

2017-இல் நடந்ததைப் பாருங்கள். தென்சீனக் கடற்புறத்திலிருந்து தாய்லாந்து வளைகுடாப் பக்கமாக நகர்ந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு நமக்கு வடக்கே தீபகற்பத்தை நெருங்கியது. அத்தகைய தாழ்வைச் சுற்றி நம் அரைக்கோளத்தில் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே அதன் தென்புறத்தில் இருந்த நமக்கு, வடகிழக்குப் பருவம் தொடங்கும் காலத்திலும், மேற்கேயுள்ள வெதுவெதுப்பான கடலிலிருந்து காற்று வீசும். அக்காற்று 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையில் மோதி மேலெழும்பினால் என்ன நேருமென்பது பள்ளிப் பாடம். இத்தனை பெரிய ஆயத்தம் செயற்கைக் கோளின் கண்ணிலும், பாயான் லெப்பாஸில் பறக்கவிடப்படும் ஆய்வு பலூனிலும், பட்டர்வொர்த் ராடாரிலும் படாமல் நிகழ வழியே இல்லை. மாலை இடிமழைக்கு இத்தகைய ஆயத்தம் தேவையில்லை. அதனால்தான் அது எந்தத் தெருவில் விழும் என்று சொல்ல முடிவதில்லை. மழை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதன் முன்னேற்பாடும் பெரிது. முன்னேற்பாடு பெரிதாயிருக்குமளவுக்கு அதை முன்னறிவதும் சாத்தியம். சிறுமழையை அறிய முடியாமையைச் சான்றாக வைத்துப் பெருமழையை அறிய முடியாதென்பது தர்க்கத்தைத் தலைகீழாக நிறுத்துவது.

2. கடல் பருவத்தைச் சொல்லுமேயன்றி நாளைச் சொல்லாது என்கிறார்கள். நாளைச் சொல்லும் பொறுப்பைக் கடலுக்கு யார் கொடுத்தது? 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வகங்களுக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடப்போய், பசிபிக் கடலின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மறுபக்கத்தில் இறங்கும் ஊசலாட்டத்தைக் கண்டார். அந்த ஊசலாட்டத்தைக் கடல்நீரின் வெப்பத்தோடு பியர்க்னெஸ் என்னும் வானிலை அறிஞர் 1969-இல் இணைத்துக் காட்டினார். அன்று தொடங்கி இது பருவத்தைப் பற்றிய அறிவாகவே இருந்துவருகிறது. 2015-இல் வலிய எல் நினோ நிலவியபோது, இந்தோனேசியக் காடுகள் வறண்டு எரிந்து அந்தப் புகையில் நாம் மூச்சுத்திணறினோம். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை மூழ்கியது. ஒரே கடல் நிலை நமக்கு வறட்சியையும் தமிழகத்தின் வடகிழக்குப் பருவத்துக்கு வலிமையையும் தருவது அறிந்த செய்தி. அந்த அறிவு அணைகளையும் வாய்க்கால்களையும் மாதங்களுக்கு முன்பே ஆயத்தப்படுத்துவதற்கு உரியது.

அதற்கு அடுத்த படி ஒன்றுண்டு: மேடன், ஜூலியன் என்னும் இருவர் 1971-இல் வெளிப்படுத்திய, 30 முதல் 60 நாளுக்கொருமுறை இந்துமாக்கடலிலிருந்து கிழக்கு நோக்கி நகரும் மேகத்திரளின் அலை. அது நம்மைக் கடக்கும் வாரங்களில் பெருமழைக்கு வாய்ப்பு மிகும். இதை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே ஊகிக்கலாம். அதற்கும் அடுத்த படி, சீனப் பெருநிலத்திலிருந்து தென்சீனக் கடலின் மீது பாயும் குளிர்காற்று. இதைச் சில நாட்களுக்கு முன் காணலாம். அதற்கும் அடுத்தது, புயலும் தாழ்வும். கடைசிப் படி ராடார், சில மணி நேரம். இவ்வாறு பருவம், வாரம், நாள், மணி என்று இறங்கும் படிகளில் ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைத் திருத்திக் கூர்மையாக்குகிறது. முதற்படியில் நின்றுகொண்டு கடைசிப் படியின் விடையைக் கேட்பதும், கிடைக்காதபோது மாடிப்படியே பயனற்றதென்பதும் எந்த வகை நியாயம்?

3. வளிமண்டலம் குழப்பமானது என்னும் கணிதச் சித்தாந்தத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அச்சாட்சியின் வாக்குமூலத்தை முழுவதும் கேட்டதில்லை. தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறு வேற்றுமையும் நாளடைவில் பெருவேற்றுமையாக வளரும் என்று எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் காட்டினார் என்பது மெய். அதனால் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் நாள்வாரியான வானிலையைச் சொல்வது இயலாதென்று அறிஞர் கருதுவதும் மெய். ஆனால் இரண்டு வாரத்துக்கு அப்பால் முடியாதென்பதிலிருந்து இரண்டு நாளுக்குள்ளும் முடியாதென்ற முடிவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள்?

இதிலும் விசேஷம் என்னவென்றால், அந்தச் சித்தாந்தமே முன்னறிவிப்புக்குப் புதிய கருவி ஒன்றைத் தந்திருக்கிறது. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்ப்பது என்னும் முறை 1992 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய வானிலை மையம் 51 கணக்குகளை ஒருசேரப் போடுகிறது. அவற்றில் 40 கணக்குகள் பெருமழை என்றால் ஒருவகை ஆயத்தம் வேண்டும். 10 மட்டுமே சொன்னால் வேறுவகை வேண்டும். முன்பு அறியாமையாக இருந்தது இப்போது அளவிடப்பட்ட ஐயமாக மாறியிருக்கிறது. அளவிடப்பட்ட ஐயத்தோடு வியாபாரம் செய்கிறோம், காப்புறுதி எடுக்கிறோம், அறுவைச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறோம். மழையிடத்தில் மட்டும் முழு நிச்சயத்தைக் கேட்கிறோம்.

4. "நூறாண்டுக்கு ஒருமுறை" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதா? 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா முதலிய இடங்கள் மூழ்கியபோது, மத்திய அமைச்சொன்றின் தலைமைச் செயலாளர் அம்மழையை அவ்வாறே வர்ணித்தார். 2025 நவம்பரில் தாய்லாந்தின் ஹட்யாய் நகரில் ஒரே நாளில் பெய்த 335 மில்லிமீட்டரை முந்நூறாண்டுக்கு ஒருமுறை வருவதென்றார்கள். கணக்கின்படி நூறாண்டு மழை என்பது எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை. அது இன்று பெய்துவிட்டதால் அடுத்த நூறாண்டுக்கு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. முப்பதாண்டுக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவன், அந்தக் கடன் தீருமுன் அத்தகைய மழையைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. இது ஓர் ஊரின் கணக்கு. ஒன்றோடொன்று தொடர்பற்ற நூறு ஊர்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரில் நூறாண்டு மழை பெய்தே தீரும்.

அபூர்வம் என்பது எத்தனை முறை நிகழும் என்பதைப் பற்றிய சொல். முன்னறியத் தக்கதா என்பதைப் பற்றிய சொல் அன்று. சூரியனின் முழுக்கிரகணம் ஓர் ஊருக்குச் சராசரியாகச் சில நூறாண்டுக்கு ஒருமுறையே வருகிறது. அதன் நிமிஷம்வரை முன்னறிகிறோம். மழை கிரகணம் அன்று என்பது உண்மையே. ஆனால் அபூர்வமென்பதாலேயே அறிய முடியாதென்னும் வாதம் இந்த ஓர் உதாரணத்தோடு விழுந்துவிடுகிறது.

மேற்கே சுமத்ராவும் கிழக்கே திதிவங்சா மலைத்தொடரும் காவல் நிற்பதால் நம் தீவுக்கு ஆபத்தில்லை என்னும் பழைய ஆறுதலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாதென்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல் ஒன்றரை பாகை அட்சரேகையில் ஜொகூரைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல், காவல் சுவருக்கு உள்ளேயே, நம் மலாக்கா நீரிணையிலேயே தோன்றி வடசுமத்ராவைப் பாழாக்கியது.

5. பூமி வெப்பமடைந்துவிட்டதால் இனி எதையும் சொல்ல முடியாதென்று அலுத்துக்கொள்வது, நோய் முற்றிவிட்டதால் வைத்தியரே வேண்டாம் என்பதற்கு ஒப்பாகும். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைநாட்டப்பட்ட பௌதிக விதியின் விளைவு. பழைய மழைப் பதிவேடுகளை மட்டும் நம்பி வாய்க்கால் கட்டுகிறவனுக்கு இந்த மாறுதல் பெரிய இடையூறுதான். ஏனெனில் அவன் கணக்கு இறந்தகாலத்தைச் சார்ந்தது. ஆனால் இன்றைய கடலின் வெப்பத்தையும் இன்றைய காற்றின் ஈரத்தையும் அளந்து நாளை மறுநாளைச் சொல்லும் கணக்கு நிகழ்காலத்தைச் சார்ந்தது. வெப்பம் கூடியிருந்தால் அந்தக் கூடுதலும் அளவிலேயே வந்துவிடுகிறது. ஆகவே வெப்பமயமாதல் பதிவேட்டின் மதிப்பைக் குறைக்கிறது. அதே காரணத்தால் முன்னறிவிப்பின் தேவையை மிகுதிப்படுத்துகிறது.

6. பொய்த்த எச்சரிக்கை பற்றிய புகாருக்கு வருவோம். ஐந்துமுறை எச்சரித்து ஒருமுறைதான் வெள்ளம் வந்ததென்றால் நாலுமுறை ஏமாற்றினார்கள் என்று பேசுகிறோம். சுங்கை பினாங்கு ஓரத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். சரக்கை மேல்தட்டுக்கு ஏற்ற ஐம்பது வெள்ளி கூலி; ஏற்றாமல் விட்டு வெள்ளம் வந்தால் ஐயாயிரம் வெள்ளி நஷ்டம். ஐந்து எச்சரிக்கைக்கும் கீழ்ப்படிந்தால் செலவு இருநூற்றைம்பது. ஒன்றுக்கும் கீழ்ப்படியாவிட்டால் ஐயாயிரம். எந்த வியாபாரிக்கும் இது விளங்கும். நாலுமுறை பொய்த்த எச்சரிக்கை நாலாயிரத்து எழுநூற்றைம்பது வெள்ளியைக் காப்பாற்றியிருக்கிறது; அதை ஏமாற்று என்று பெயரிட்டு அழைப்பவர் கணக்குத் தெரியாதவர்.

இதில் எதிர்த்தரப்புக்கு உள்ள மிக வலிய சான்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் காயல்பட்டினம். தமிழகத்தின் தென் மாவட்டங்களுக்கு மிகக் கனமழை என்னும் எச்சரிக்கை முன்னரே இருந்தது. ஆனால் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்யுமென்று எவரும் சொல்லவில்லை. அளவில் முன்னறிவிப்பு தோற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் திசையும் நாளும் சொல்லப்பட்டிருந்தன; தாழ்ந்த பகுதியில் உள்ளவரை மேட்டுக்கு அனுப்ப 25 சென்டிமீட்டரே போதுமான காரணம்; 95 தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அளவில் தவறியதைக் காட்டி அனைத்தும் தவறென்பது மிகைக்கூற்று.

7. குற்றம் வானத்தினுடையதன்று, மலையை வெட்டியவர்களுடையது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்வதோடுதான் சண்டை. 2017 அக்டோபர் 21-இல், பெருவெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பு, தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து பதினொருவர் புதைந்து மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத்தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர். சரிவு வெட்டப்பட்டிருக்கிறதென்றால், முன்பு தாங்கிய மழையை அது இனித் தாங்காது. அப்படியானால் எந்த அளவு மழைக்கு வேலையை நிறுத்துவது, ஆட்களை இறக்குவது என்னும் கேள்வி முன்னைவிட அவசரமாகிறது. கெட்ட நிலம் உள்ள ஊருக்கே நல்ல முன்னறிவிப்பு அதிகம் வேண்டும்.

வெள்ளத்தின் மற்றொரு பாதி வானத்தையும் சேர்ந்ததன்று, மலையையும் சேர்ந்ததன்று. ஜார்ஜ் டவுனின் மழைநீர் சுங்கை பினாங்கு வழியே கடலில் விழுகிறது. கடல் ஏறியிருக்கும்போது ஆறு வடியாது. 2017 நவம்பர் 4 பௌர்ணமி. சந்திரன் பூமிக்கு மிக நெருங்கியது 6-ஆம் தேதி. அந்நாட்களில் ஓதம் உயரும் என்பதற்கு ராடாரும் வேண்டாம், செயற்கைக் கோளும் வேண்டாம், பஞ்சாங்கம் போதும். பல்லாண்டு முன்பே கணித்துவைக்கக்கூடிய இந்தப் பாதியையும் சேர்த்து "யார் கண்டார்கள்?" என்று கேட்பது கண்ணை மூடிக்கொண்டு இருட்டைப் பழிப்பதாகும்.

இத்தனை பலவீனமான ஓர் அபிப்பிராயம் இவ்வளவு காலம் வாழ்வது எப்படி? அதனால் சௌகரியம் அடைவோர் பலர் என்பதே விடை. மழை அறிய முடியாததானால் நிவாரண மையத்தை நேரத்தில் திறக்காதவர் குற்றவாளி அல்லர். வாய்க்கால் தூர்வாரப் பணம் ஒதுக்காதவர் குற்றவாளி அல்லர். எச்சரிக்கையைப் படித்தும் பண்டங்களை எடுத்துவைக்காத நாமும் குற்றவாளிகள் அல்லோம். 2015-இல் சென்னை மூழ்கியபோது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் இரவில் திறக்கப்பட்டதையும் முதலில் இயற்கையின் கணக்கில்தான் எழுதினார்கள். பின்னர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. ஒடிசாக் கடற்கரையில் 1999-இல் வந்த புயலுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதே கரையில் 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது, முன்னறிவிப்பை நம்பி லட்சக்கணக்கானோர் அப்புறப்படுத்தப்பட்டதால், இறந்தோர் தொகை சில பத்துகளில் நின்றது. கடல் அதே கடல். மாறியது மனிதரின் நம்பிக்கையும் ஏற்பாடும்.

ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டுவது, முன்னறிவிப்பு ஒருபோதும் தவறாதென்று நம்பும்படி அன்று. அதனிடம் சரியான கேள்விகளைக் கேட்கும்படி. மலேசிய வானிலை ஆய்வுத் துறை விடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை ஒவ்வொன்றோடும் அதன் வாய்ப்பு இத்தனை பங்கு என்று சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தப் பள்ளி திறக்கப்படும், எந்த மலைச்சரிவில் வேலை நிற்கும் என்பது முன்பே எழுதிவைக்கப்பட வேண்டும். சுங்கை பினாங்கின் மழை அறிவிப்போடு ஓத அட்டவணையும் சேர்ந்து, மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் வெளிவர வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்னும் கணக்குப் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்க எந்த விஞ்ஞானப் பட்டமும் தேவையில்லை. அடுத்த பெருமழையின் மறுநாள் எவரேனும் "யார் கண்டார்கள்?" என்று சொன்னால், முந்தைய மூன்று நாட்களின் அறிவிப்புகளை எடுத்து அவர் முன் வைத்து, "கண்டவர்கள் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.